பம்பைத் திறக்காத லாரி

பஸ் நின்றதுகூடப் பெரிதில்லை. நின்ற இடம்தான் மோசம்.

ட்ரெகேட்டியிலிருந்து லம்பாசாவுக்கு வரும் சாலையில், மலை ஏற்றம் தொடங்குகிற இடம். பக்கத்தில் ஒரு வீடு கிடையாது, கடை கிடையாது. கரும்பு வெட்டு நடக்கிற ஆகஸ்டு மாதத்தில் வரவே கூடாத மழை வேறு, பழைய பகையைத் தீர்த்துக்கொள்வது போலக் கொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் இன்ஜினைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

உர்மிளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில்தான் சித்தப்பா குடும்பத்தை சிட்னிக்கு வழியனுப்பி அழுதுவிட்டு வந்திருந்தாள். போன வருஷம் தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு பார்லிமெண்ட்டுக்குள் ஆட்கள் புகுந்தார்களே... அன்றிலிருந்து அங்குள்ள இந்தியர்களுக்கு இதே கதைதான். யார் வீட்டில் பார்த்தாலும் பெட்டி, கயிறு, அழுகை. அழுது முடித்த பிறகாவது ஒழுங்காக வீட்டுக்குப் போய்ச் சேரக்கூடாதா?

அப்போதுதான் பின்னால் ஒரு கரும்பு லாரி வந்தது. வந்தது என்று சொல்வது மரியாதைக்காக. உண்மையில் அது மூச்சு வாங்கிக்கொண்டு ஊர்ந்தது. உர்மிளா கையைக் காட்டினாள்.

"பையா, லம்பாசா?"

அந்தத் தீவில் எல்லாரும் பேசும் இந்தியில்தான் கேட்டாள். தெரியாத ஆண் என்றால் பையா, தெரியாத பெண் என்றால் பஹினி. அண்ணன், தங்கை. அப்படிக் கூப்பிட்டுவிட்டால் ஒரு வம்பும் இல்லை என்பது ஊர் வழக்கம்.

கதவு திறந்தது. கரும்புக் கரி படிந்த ஒரு முகம். அந்தக் கறுப்புக்கு நடுவே இரண்டு கண்கள்... மழையில் அப்போதுதான் கழுவி வைத்தது போல. ஏறிக்கொள்ளச் சொன்னான். பஹினி என்று மட்டும் சொல்லவில்லை. அதை ஏன் கவனித்தோம் என்று உர்மிளாவுக்கே குழப்பமாக இருந்தது.

ஏறி உட்கார்ந்தாள். லாரி மேட்டில் முனகியது. அவன் ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்து, தனக்குள்ளே சொல்லிக்கொண்டான்.

"ஏறும்மா... ஏறு தாயி... இன்னும் கொஞ்சந்தான்."

உர்மிளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தமிழா நீங்க?"

அவன் திடுக்கிட்டான். "உங்களுக்குத் தமிள் வருமா?"

"எங்கப்பா கோயில்ல பாடறவரு. வீட்டுல இந்தி பேசினா சோறு கிடையாதும்பாரு."

"எனக்கு அம்மா. இந்தில திட்டினா அவங்களுக்குத் திருப்தி வராது. திட்டு வாங்கியே கத்துக்கிட்டேன்."

வெளியே ஒரு மைனா லாரியை முந்திக்கொண்டு நடந்தது. நிஜமாகவே நடந்துதான் போனது.

"தப்பா நெனச்சுக்காதீங்க," என்றாள் உர்மிளா. "நான் எறங்கி நடந்தா முன்னாடி போயிடுவேன் போலிருக்கே."

"தாராளமா எறங்குங்க. மேல போயி எனக்காக நில்லுங்க. வந்து ஏத்திக்கிறேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நல்ல வாய்தான்.

"காரி புதுசுங்க. இன்ஜினு நல்ல இன்ஜினுதான்," என்றான் அவன். லாரியைத்தான் காரி என்றான், குழந்தையைக் குறை சொன்னதுபோல ரோஷத்தோடு. "கம்பெனிக்காரன்தான் டீசலைப் புடிச்சு வச்சிருக்கான். பம்புல ஒரு ஸ்க்ரூ இருக்குது. அதைக் கொஞ்சம் திருப்பி விட்டா தம் வந்துரும். மேட்டுல பறக்கும். ரொனில் பம்பு கடைல எல்லா லாரிக்கும் தொறந்து விடறான். நானும் சனிக்கெளமை போகப்போறேன்."

"போகாதீங்க."

"ஏன்?"

"அந்த ஸ்க்ரூ மேல கம்பி சுத்தி, ஈயக்கட்டி வச்சு சீல் அடிச்சிருக்கும். அதை அறுத்தா வாரண்டி போச்சு. இன்னும் ரெண்டு சீசன் கம்பெனி பொறுப்பு. இன்ஜின் வெடிச்சாகூட அவங்கதான் மாத்தித் தரணும். சீல் இல்லேன்னா உங்க தலையிலதான் விடியும்."

அவன் சாலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். "இதெல்லாம் உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"டவுன்ல, நசியால லாரி கம்பெனி இருக்கில்ல... அதுல வாரண்டி கவுண்டர்ல உட்கார்ந்திருக்கிறது நான்தான்."

அவன் அவசரமாகச் சாலைக்குத் திரும்பினான். லாரியும் அந்த நேரம் பார்த்து உச்சியை எட்டியது.

"மத்தவங்க மில்லுக்கு ரெண்டு நடை அடிக்கிறாங்க. நான் ஒரு நடைதான்," என்றான் மெதுவாக. "எங்க நிலத்துக்கு லீஸ் முடிஞ்சு போச்சு. நெலத்துக்காரங்க புதுப்பிக்கல. இப்ப எனக்குன்னு இருக்கிறது இந்தக் காரி ஒண்ணுதான். வேகம் வேணும்... ஒடைஞ்சாலும் தாங்காது. நீங்களே சொல்லுங்க, என்ன செய்ய?"

"தொறக்காதீங்க," என்றாள் உர்மிளா, கவுண்டரில் சொல்கிற அதே குரலில்.

லம்பாசாவில் இறங்கும்போது மழை விட்டிருந்தது. "ரொம்ப நன்றி, பையா."

"பல்ராம்னு கூப்பிடுங்க. வேற எப்புடி வேணாலும் கூப்பிடுங்க... பையான்னு மட்டும் வேணாம்."

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். போனான் என்பதும் மரியாதைக்காகத்தான். லாரி தெருவின் முனையைத் திரும்பும்வரை, அவளுக்கு அங்கே நின்று குழம்புவதற்கு வேண்டிய நேரம் இருந்தது.

*

அதன் பிறகு பல்ராம் கவுண்டருக்கு வர ஆரம்பித்தான்.

ஆயில் மாற்ற வந்தான். சரி, நியாயம். ஃபில்டர் பார்க்க வந்தான். அதுவும் நியாயம். வைப்பரில் சத்தம் வருகிறது என்று வந்தான். வானத்தில் மேகமே இல்லை.

"வைப்பருக்கு வாரண்டி உண்டா?"

"ரப்பருக்குக் கிடையாது."

"சத்தத்துக்கு?"

உர்மிளா தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதுவது போல நடித்தாள். சர்வீஸ் மேனேஜர் நிலேஷ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த லாரிக்காரனைப் போல வாரண்டியை மதிக்கிற ஆளைத் தான் கண்டதில்லை என்று எல்லாரிடமும் சொன்னார்.

பல்ராம் வந்த நாளில் அவளுக்கு வேலை ஓடவில்லை. வராத நாளில் அதைவிட ஓடவில்லை. என்ன இது... அந்தக் கண்களா? இல்லை, அந்தப் பேச்சா? இல்லை, எல்லாரும் கப்பலேறுகிற ஊரில் ஒருவன் மட்டும் இங்கேயே இருக்கப்போவது போல நடந்துகொள்கிறானே... அதுவா?

வீட்டில் அதைவிடப் பெரிய குழப்பம் காத்திருந்தது. ஆக்லாந்தில் இருக்கும் அக்கா கம்லா எல்லாருக்கும் சேர்த்து நியூசிலாந்துக்கு மனுப் போட்டிருந்தாள். அதற்குப் பதில் வந்துவிட்டது. அடுத்த மாதம் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை, சுவாவில் மருத்துவப் பரிசோதனை. அப்பா வீரசாமி சுவா பக்கத்து நவுசோரி விமான நிலையத்துக்கு டிக்கெட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

"இப்ப கல்யாணமாவாத பொண்ணுன்னு எங்க மனுவிலயே நீயும் வர்றே," என்றார் அவர். "இதுல விட்டா பொறவு உனக்கு வழி இல்ல கண்ணு. வெள்ளிக்கெளமை நீ வரலேன்னா உன் பேரை எடுத்துடுவாங்க. நாங்க போயிட்டா இங்க உனக்கு யாரு இருக்கா?"

யார் இருக்கிறார்கள்... அவள் வாய் வரை ஒரு பேர் வந்தது. ஆனால் அவன் என்ன சொல்லிவிட்டான்? வைப்பரில் சத்தம் வருகிறது என்று சொன்னான். அவ்வளவுதானே? அதை நம்பி நியூசிலாந்தை விடமுடியுமா? போகிறேன் என்று நினைத்தால் அழுகை வந்தது. போகவில்லை என்று நினைத்தால் பயம் வந்தது. அவள் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து, அழுதும் பயந்தும் களைத்துப்போனாள்.

*

பரிசோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பல்ராமின் லாரியை இன்னொரு லாரி கட்டி இழுத்து வந்தது. மேட்டில் புகை தள்ளி நின்றுவிட்டதாம். இன்ஜினின் ஹெட் கேஸ்கெட் போய், ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது.

"கவலைப்படாதீங்க," என்றாள் உர்மிளா. "வாரண்டி இருக்கு."

ஒரு மணி நேரத்தில் நிலேஷ் வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே அவளிடம் தணிந்த குரலில் சொன்னார். "பம்புல சீல் இல்ல. கம்பியும் இல்ல, ஈயமும் இல்ல. தொறந்து டீசலைக் கூட்டியிருக்கான். அந்தச் சூட்டுலதான் கேஸ்கெட் போயிருக்கு. கிளெய்ம் கிடையாதுன்னு சொல்லிடு."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பல்ராம் எழுந்து வந்தான்.

"தொறந்துட்டீங்க," என்றாள்.

"எதை?"

"பம்பை. என்கிட்ட மண்டையை ஆட்டிட்டு, ரொனில் கடைக்குப் போயிருக்கீங்க."

"நான் தொறக்கல."

"சீல் இல்ல பல்ராம். அது தானா நடந்து போயிடுமா?"

"எனக்குத் தெரியாது. நான் தொறக்கல."

"எல்லாரும் இப்புடித்தான் சொல்லுவாங்க. தெனம் கேக்கறேன் இந்தக் கவுண்டர்ல. நீங்களும்..." குரல் உடைந்தது. கேஸ்கெட்டுக்காக யாராவது குரல் உடைவார்களா? அவளுக்கே வெட்கமாக இருந்தது. "நீங்களும் பொய் சொல்லுவீங்கன்னு நெனக்கல."

அவன் அவளைப் பார்த்தான். அந்தக் கண்களில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"நான் சொன்னது உங்களுக்குப் போதலேன்னா, சீல் இருந்தாலும் போதாது," என்றான். "கேஸ்கெட்டை மாத்துங்க. செலவு என்னோடதுதான்."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். உர்மிளா அன்று வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம், "நான் வர்றேம்பா, நியூசிலாந்துக்கு," என்று சொன்னாள். அப்பா சந்தோஷப்பட்டார். அவள் போய்க் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

லாரியைப் பார்க்கப் பல்ராம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவன் அம்மா தாயம்மா வந்தாள். வாரி முடிந்த நரைத்த கொண்டை, நெற்றி நிறையத் திருநீறு.

"ஊரார் வெட்டின கரும்பு ஏத்த ஆளில்லாம காயுது. காரி எப்ப வரும்னு கேட்டாக்க, என் மவன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போயி படுத்துக்கறான். அதான் நானே வந்தேன். நீதானே உர்மிளா?"

தன் பெயர் அந்த வீட்டில் எப்படித் தெரியும்? உர்மிளா கேட்கவில்லை. பின்கட்டுக்கு அழைத்துப் போய் லாரியைக் காட்டினாள். இன்ஜின் மூடி திறந்து கிடந்தது. தாயம்மா உள்ளே எட்டிப் பார்த்து, பம்பின் பக்கம் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நல்லவேளை. கட்டினது கட்டினபடியே இருக்குது."

உர்மிளா குனிந்து பார்த்தாள். ஆயில் ஊறிக் கறுத்துப் போன ஒரு நூல். முடிச்சுக்கு உள்ளே மட்டும் மஞ்சள் தெரிந்தது. மஞ்சள் கயிறு. சீல் கம்பி போகவேண்டிய அதே இரண்டு துளைகளில் கோத்துக் கட்டியிருந்தது.

"இது... நீங்க கட்டினதா அம்மா?"

"பின்ன? காரி வாங்கி வந்து பூசை போட்டோமில்ல, அன்னிக்கு. எலுமிச்சம்பழம் வைக்க எடம் பாத்தேன். பாத்தா, யாரோ பாவி இன்ஜினுக்குள்ள மந்திரிச்சுக் கட்டி வச்சிருக்கான்."

"மந்திரிச்சா?"

"முறுக்கின கம்பி. அதுல ஈயத்தகடு. ஈயத்து மேல என்னமோ எழுத்து." தாயம்மா குரலைத் தாழ்த்தினாள். "செய்வினை கண்ணு. புதுக்காரின்னா ஊருக்குப் பொறுக்குமா? சத்தம் போடாம கத்தியால அறுத்தேன். கொண்டுபோயி ஆத்துல விட்டேன். அந்த எடத்துல மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு மஞ்சக் கயிறு கட்டினேன். பையன்கிட்டச் சொல்லல. பயந்துக்குவான்."

உர்மிளாவுக்குச் சிரிப்பு வந்தது. அது வழியிலேயே அழுகையாக மாறிவிட்டது. கம்பெனி முத்திரை அடித்த ஈயக்கட்டி லம்பாசா ஆற்றுக்குள் கிடக்கிறது... அவன் ஒன்றும் அறியாமல் அவள் முன்னால் நின்றிருக்கிறான்... பொய் சொல்கிறாய் என்று நாலு பேர் கேட்கச் சொன்னவள் அவள்தான்.

"ஏம்மா அழுவறே? தப்பு பண்ணிட்டனா?"

"இல்லம்மா. நான்தான் பண்ணிட்டேன்."

நிலேஷைக் கையோடு இழுத்து வந்தாள். அவர் மஞ்சள் கயிற்றை அழுக்குத் துணிநூல் என்று நினைத்திருந்தார். உர்மிளா டார்ச்சை அடித்துக் காட்டினாள். ஸ்க்ரூவின் மேல் தொழிற்சாலையில் தடவிய பச்சைப் பெயிண்ட், ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. திருப்பியிருந்தால் அந்தப் பெயிண்ட் வெடித்து உதிர்ந்திருக்கும்.

நிலேஷ் தாடையைச் சொறிந்தார். "ஹெட் ஆபீசுக்கு நான் என்னன்னு எழுதறது? செய்வினைன்னா?"

"பம்ப் திறக்கப்படவில்லைன்னு எழுதுங்க. அது நெசம்தானே?"

அவர் எழுதினார். புதிய சீலும் அடித்தார். கேஸ்கெட்டை அன்றைக்கே, கம்பெனி செலவிலேயே மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் லாரியை எடுத்துப் போகவும் பல்ராம் வரவில்லை. தாயம்மாவின் தம்பி வந்து ஓட்டிப் போனார்.

*

புதன்கிழமை மத்தியானம் உர்மிளா லீவு சொல்லிவிட்டு, சர்க்கரை ஆலைக்குப் போனாள்.

ஆலை வாசலிலிருந்து தெருவை அடைத்துக்கொண்டு லாரி வரிசை. வெயில். வெல்லப்பாகு வாசனை. டிரைவர்கள் நிழலில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். "பஹினி, யாரைத் தேடறே?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவள் பதில் சொல்லாமல் நடந்தாள். மற்ற நாளாக இருந்தால் கூச்சத்தில் செத்திருப்பாள்.

வரிசையின் கடைசியில்தான் அவன் லாரி நின்றது. வேறு எங்கே நிற்கும்?

அவளைப் பார்த்ததும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவளாகவே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். இருவரும் முன்னால் இருந்த கரும்பு லோடைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா சொன்னாங்களா?" என்றாள்.

"சொன்னாங்க."

"என்னை மன்னிச்சிடுங்க."

"நீங்க உங்க வேலையைப் பாத்தீங்க."

இன்னும் ரோஷம் போகவில்லை. இருக்கட்டும். அவளுக்கு வேறொன்று கேட்கவேண்டியிருந்தது. வழியெல்லாம் அதைத்தான் மனசுக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள்.

"இந்த வரிசையில எல்லாரும் பம்பைத் தொறந்துட்டாங்க. நீங்க மட்டும் தொறக்கல. ஒரு நடை போதும்னு இருக்கீங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் அன்னிக்குச் சொன்னதுக்காகவா?"

"முதல்ல அதுக்குத்தான்."

"அப்புறம்?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். கடைசியில் வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தான்.

"வாரண்டி இருக்கிற வரைக்கும் கவுண்டருக்கு வரலாம். ஆயில்... ஃபில்டர்... வைப்பரு. அது போயிட்டா, நான் எந்தச் சாக்குல உங்களைப் பாக்க வர்றது?"

ஒரு சீசன் முழுக்க... பாதி வருமானத்தை விட்டுவிட்டு... அவளைப் பார்ப்பதற்காகவா இந்த லாரி ஊர்ந்துகொண்டிருந்தது? மேட்டில் அது முனகிய முனகலெல்லாம் இப்போது அவளுக்கு வேறு மாதிரிக் கேட்டது.

"அப்ப சனிக்கெளமை போயி பம்பைத் தொறந்துடுங்க," என்றாள்.

அவன் முகம் விழுந்துவிட்டது. "வரவே வேணாங்கறீங்க. புரியுது. நியூசிலாந்து போறீங்கன்னு நிலேஷ் சொன்னாரு."

"கவுண்டருக்குத்தான் வர வேணாம்னேன்."

"பின்ன?"

"வீட்டுக்கு வாங்க. நாளைக்கே வாங்க. வெள்ளிக்கெளமை விடிஞ்சா எங்கப்பா பிளேன் ஏத்திடுவாரு. அதுக்குள்ள வந்து அவருகிட்டக் கேளுங்க."

அவனுக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் சந்தோஷத்துக்குப் பதிலாக முகத்தில் பயம் வந்தது.

"உர்மிளா... எனக்கு நெலம் இல்ல. நாளைக்கு இந்த ஊரு எப்புடி இருக்கும்னு தெரியாது. உங்க பேரை எடுத்துட்டா நீங்க திரும்பப் போக முடியாது. நான் எதுக்கும் உத்தரவாதம் தர முடியாதுங்க."

"தெரியும். உத்தரவாதத்தோட வர்றவங்களத்தான் நான் தெனமும் பாக்கறேனே." அவளுடைய குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு பல்ராம். நாலு மாசமா ஒண்ணுமே புரியல. ஆனா நீங்க வராத நாள்ல எனக்கு என்ன ஆவுதுன்னு மட்டும் புரியுது. உங்களை எனக்குப் புடிச்சிருக்கு."

அவன் கரி படிந்த கையை நீட்டினான், அழுக்கைப் பார்த்துப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவளே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முன்னால் வரிசை நகர்ந்துவிட்டிருந்தது. புதிதாய்ப் பின்னால் வந்து நின்ற லாரி ஹாரன் அடித்தது. அதற்கும் பின்னாலிருந்து இன்னொன்றும் அடித்தது.

"வரிசை போவுது," என்றாள்.

"நீங்க எறங்கலையா?"

"இல்ல. ஓட்டுங்க," என்றாள் உர்மிளா.